எண்களோடு பழகிய இராமானுஜன்

கணக்கு என்பது பிறவியிலேயே வரவேண்டிய ஒன்று என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அதற்குச் சாட்சியாகக் கணித மேதை ஸ்ரீநிவாச இராமானுஜனின் பெயரைச் சொல்வோம். உயர்தரத்தில் கணிதம் கற்கும் நான் அவரது வாழ்க்கையை வாசித்தபோது வேறொரு பாடம் கிடைத்தது.

இராமானுஜன் 1887 டிசம்பர் 22ஆம் திகதி தமிழ்நாட்டின் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தை துணிக்கடையில் எழுதுவினைஞர். வருமானம் போதாமையால், கல்லூரி மாணவர்களை வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு போட்டார்கள். 1897இல் ஆரம்பப் பாடசாலைப் பரீட்சையில் இராமானுஜன் தஞ்சாவூர் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தார். எண்கணிதத்தில் ஒருமுறை 45க்கு 42 புள்ளிகள் பெற்றபோது, நண்பனுக்கு 43 கிடைத்ததால் அவனோடு பேசாமல் இருந்தாராம்.

கடதாசி வாங்க அவரிடம் பணமில்லை. சிலேட்டில் எழுதுவார், முழங்கையால் அழிப்பார், மீண்டும் எழுதுவார். முடிவை மட்டும் குறிப்பேட்டில் பதிவார். கணிதத்திலேயே மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் கல்லூரிப் புலமைப்பரிசிலை இழந்தார். எஃப்.ஏ. பரீட்சையிலும் சித்தியடையவில்லை. 1912இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபா சம்பளத்துக்கு எழுதுவினைஞரானார். 1913இல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதி, அடுத்த ஆண்டு இங்கிலாந்து சென்றார். 1918இல் றோயல் சொசைட்டியின் உறுப்பினரானார். நோயோடு தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26இல் தனது 32ஆவது வயதில் காலமானார்.

இங்கிலாந்தில் அவர் நோயுற்றிருந்தபோது நடந்த சம்பவம் எல்லோரும் அறிந்ததே. பார்க்க வந்த ஹார்டி, தான் வந்த டக்சியின் எண் 1729, அதில் சிறப்பொன்றும் இல்லை என்றார். இராமானுஜன் உடனே மறுத்தார். இரு கனங்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதங்களில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுவென்றார். மின்னல் வேகக் கணிப்பு என்றே இதைப் புகழ்கிறோம். ஆனால் அந்த உண்மையை அவர் பல ஆண்டுகளுக்கு முன்பே தன் குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்தார். நாம் வேகம் என்று வியப்பது, அவருக்குப் பழைய பழக்கம்.

வாய்பாட்டில் தடுமாறும் பிள்ளைகளுக்குத் தேவைப்படுவதும் இந்தப் பழக்கமே. எங்கள் ஹட்டனில், டவுனிலும் தோட்டத்து லயங்களிலும் அப்படிப்பட்ட பிள்ளைகள் உண்டு. ஏழெட்டு எத்தனை என்று விரல்விட்டு எண்ணும் பிள்ளைக்குப் பின்னக் கணக்கு வந்தால், எண்ணி முடிப்பதற்குள் கணக்கின் வழி மறந்துவிடும். அவள் மந்தமானவள் அல்ல, சுமை கூடியவள்.

மாலையில் அயல்வீட்டுப் பிள்ளைகள் சிலரோடு நான் செய்வது இதுதான். நாளுக்கு மூன்று பெருக்கல்கள் மட்டும். பழைய கலண்டர் மட்டையை வெட்டி, ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. மறந்துபோனால் தெரிந்ததிலிருந்து போகலாம்: ஏழு நான்கு 28, அதை இரட்டித்தால் ஏழெட்டு 56. நேற்றைய மூன்றையும் இன்று மறுபடி கேட்பேன். மணிக்கூட்டைக் காட்டி அவசரப்படுத்த மாட்டேன். பத்து நிமிடம் போதும். பெற்றோரும் இதைச் செய்யலாம்.

ஒன்பதாம் வாய்பாடு பழகிய சிறுமி ஒருத்திக்கு அண்மையில் இராமானுஜனின் எண்ணைக் கொடுத்தேன். ஒன்பதை ஒன்பதால் பெருக்கினாள், 81. மறுபடி ஒன்பதால் பெருக்கினாள், 729. பத்தின் கனம் 1000. கூட்டினாள், 1729. பன்னிரண்டின் கனம் 1728, அதோடு ஒன்றின் கனமான 1ஐக் கூட்டினாலும் அதே எண் வருமென்று சொன்னேன். அதையும் தானே பெருக்கிப் பார்க்கவேண்டுமென்று பென்சிலைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.