ஜோசப் விட்வொர்த்

சர் ஜோசப் விட்வொர்த் (டிசம்பர் 21, 1803 – ஜனவரி 22, 1887) இங்கிலாந்தைச் சேர்ந்த பொறியாளரும் கருவி உற்பத்தியாளரும் ஆவார். பட்டறைக் கருவிகளின் தரத்தைக் கண்ணாலும் கைப்பழக்கத்தாலும் மதிப்பிட்டு வந்த காலத்தில், அவற்றை அளந்தும் ஒப்பிட்டும் சோதிக்கும் முறைகளை நிலைநாட்டியவர்களுள் இவர் முதன்மையானவர். 1841 இல் இவர் முன்மொழிந்த திருகுப் புரி அளவுமுறை, நாடு தழுவிய முதலாவது திருகுப் புரிச் சீர்தரமாகக் கருதப்படுகிறது.

இளமைக் காலம்

விட்வொர்த் ஸ்டாக்போர்ட் நகரில் பிறந்தார். தந்தை சார்ல்ஸ் விட்வொர்த் பள்ளி ஆசிரியராகவும் பின்னர் கிறித்தவ மதபோதகராகவும் இருந்தார். பள்ளிப் படிப்பிற்குப் பின்னர், டெர்பிசயர் பகுதியில் பருத்தி நூற்பாலை நடத்திய உறவினரிடம் தொழில் பழக அனுப்பப்பட்டார். ஆலை முதலாளி ஆவதை விட ஆலையின் இயந்திரங்களே இவரைக் கவர்ந்தன. சில ஆண்டுகளில் அங்கிருந்து வெளியேறி மான்செஸ்டரில் சாதாரண இயந்திரத் தொழிலாளியாக வேலைக்குச் சேர்ந்தார். 1825 இல் பிரான்செஸ் ஆங்கர்சு என்பவரை மணந்தார்.

இலண்டனில் பயிற்சி

திருமணத்திற்குப் பின் இலண்டன் சென்ற விட்வொர்த், ஹென்றி மாட்சுலேயின் தொழிற்சாலையில் சேர்ந்தார். அக்காலத்தில் துல்லிய வேலைக்கு அதனினும் சிறந்த பள்ளி வேறில்லை. பின்னர் ஹோல்ட்சாபெல், ஜோசப் கிளெமென்ட் ஆகியோரிடமும் பணியாற்றினார். சார்ல்ஸ் பாபேஜின் வேறுபாட்டுப் பொறிக்கான பாகங்கள் கிளெமென்ட்டின் பட்டறையிலேயே உருவாக்கப்பட்டு வந்தன.

மெய்ச்சமதளம்

ஒரு பட்டறையில் செய்யப்படும் பொருள்களின் நேர்த்தி, அங்குள்ள சமதளத் தட்டின் நேர்த்தியைப் பொறுத்தது. அளவுகோல், மூலைமட்டம், கடைசல் இயந்திரத்தின் படுகை ஆகிய எல்லாவற்றின் நேர்மையும் அத்தட்டின் மீது வைத்தே சோதிக்கப்படும். தட்டில் உள்ள பிழை அதனைக் கொண்டு சோதிக்கப்படும் ஒவ்வொரு கருவிக்கும் சென்று சேரும்.

அந்நாளில் இரண்டு வார்ப்பிரும்புத் தட்டுகளுக்கு இடையே எமரித் தூளை இட்டுத் தேய்த்துச் சமதளம் உருவாக்குவதே வழக்கம். தூள் எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் தங்குவதில்லை. ஆகவே தேய்மானமும் ஒரே அளவாக இருப்பதில்லை. தேய்த்து முடித்த தட்டு பளபளப்பாகத் தோன்றினாலும் சமதளமாக இராது. பளபளப்பு பிழையை மறைத்துவிடும் என்பதே விட்வொர்த்தின் குற்றச்சாட்டு.

அதற்கு மாற்றாக இவர் கைச் சுரண்டியைப் பயன்படுத்தினார். ஒரு தட்டில் எண்ணெயில் குழைத்த வண்ணத்தை மெல்லப் பூசி, அதன் மீது மற்றொரு தட்டை வைத்து நகர்த்தினால், மேடான இடங்களில் மட்டும் வண்ணம் ஒட்டும். அவ்விடங்களை மட்டும் சுரண்ட வேண்டும்.

இரண்டு தட்டுகளைக் கொண்டு மட்டும் இதனைச் செய்ய இயலாது. ஒன்று குவிந்தும் மற்றொன்று அதே அளவு குழிந்தும் இருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்திவிடும். மூன்றாவது தட்டு ஒன்றைச் சேர்த்து, மூன்றையும் மாற்றி மாற்றி ஒப்பிட்டால் இப்பிழை வெளிப்படும். எந்த இரண்டை எடுத்தாலும் முழுமையாகப் பொருந்தும் நிலை, மூன்றும் சமதளமாக இருந்தால் மட்டுமே கிட்டும். முன்பே சரியான ஒரு தட்டு இல்லாமலேயே சரியான தட்டை உருவாக்கலாம் என்பது இம்முறையின் சிறப்பு. மூன்று தட்டு முறை மாட்சுலேயின் பட்டறையிலேயே தொடங்கிவிட்டது என்று கருதுவோரும் உளர். எனினும் 1840 இல் கிளாஸ்கோவில் பிரித்தானிய அறிவியல் கழகத்தின் கூட்டத்தில் கட்டுரை படித்து, தேய்க்கும் முறையைக் கைவிடச் செய்தவர் விட்வொர்த்தே.

மான்செஸ்டர் தொழிற்சாலை

1833 இல் மான்செஸ்டருக்குத் திரும்பிய விட்வொர்த், சார்ல்டன் தெருவில் வாடகைக்கு இடம் பிடித்துத் தொழில் தொடங்கினார். தாம் இலண்டனிலிருந்து வந்த கருவி செய்பவர் என்று அறிவித்துக்கொண்டார். இவரது கடைசல் இயந்திரங்களும் இழைப்பு இயந்திரங்களும் துளையிடும் இயந்திரங்களும் விலை மிகுந்தவை. அவற்றின் துல்லியத்திற்காக வாங்குவோர் அவ்விலையைக் கொடுத்தனர்.

அளக்கும் பொறி

கோடுகள் பொறித்த அளவுகோலைக் கண்ணால் பார்த்து அளப்பதை விட, ஒரு பொருளின் இரு முனைகளையும் தொட்டு அளப்பது நம்பகமானது என்று விட்வொர்த் கருதினார். 1851 இல் இலண்டனில் நடைபெற்ற மாபெரும் கண்காட்சியில், ஓர் அங்குலத்தின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கைக் காட்டவல்ல பொறியைக் காட்சிக்கு வைத்தார். அதன் திருகில் ஓர் அங்குலத்திற்கு 20 புரிகள் இருந்தன. திருகைச் சுழற்றும் சக்கரத்தில் 200 பற்களும், அதனை இயக்கும் கைச்சக்கரத்தின் விளிம்பில் 250 பிரிவுகளும் இருந்தன. இம்மூன்றையும் பெருக்கினால் 10,00,000 கிடைக்கும்.

பட்டறைக்கு அத்தகைய பொறி தேவையில்லை. அங்கே தேவைப்பட்டவை உருளை அளவிகளும் வளைய அளவிகளும் ஆகும். 0.5770 அங்குலத் துளை கொண்ட வளையத்தையும், 0.5770, 0.5769 அங்குல விட்டமுள்ள இரு உருளைகளையும் இவர் பொறியாளர்களிடம் காட்டுவது உண்டு. முதல் உருளை துளையில் இறுக்கமாகப் பொருந்தும்; இரண்டாவது தளர்ந்து ஆடும். அங்குலத்தின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேறுபாட்டைச் சாதாரணத் தொழிலாளியின் விரல்களும் உணரும் என்பதை இவ்வாறு மெய்ப்பித்தார். பொருத்தமான அளவியைக் கையில் கொடுத்துவிட்டால், தரச் சோதனை தேர்ந்த கைவினைஞரின் தனித்திறனாக இருக்க வேண்டியதில்லை.

திருகுப் புரிச் சீர்தரம்

அக்காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தனக்கென ஒரு திருகுப் புரியை வைத்திருந்தது. ஒரு பட்டறையின் போல்ட் மற்றொரு பட்டறையின் நட்டில் பொருந்தாது. பழுது பார்க்கும்போது கழற்றிய போல்ட்டை அதன் பழைய இடத்திலேயே மாட்ட வேண்டியிருந்தது. ஒன்று தொலைந்தால் புதிதாக ஒன்றைக் கையால் பொருத்திச் செய்ய வேண்டும்.

விட்வொர்த் இங்கிலாந்தின் பல பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைத் திரட்டி, அவற்றின் புரிகளை அளந்து சராசரி கண்டார். அதன் அடிப்படையில் 1841 இல் குடிசார் பொறியாளர் நிறுவனத்தில் ஒரே சீரான திருகுப் புரி முறையை முன்வைத்தார். புரியின் பக்கங்களுக்கு இடைப்பட்ட கோணம் 55 பாகை. மேடும் பள்ளமும் வட்டமாக்கப்பட்டிருக்கும். கால் அங்குலப் போல்ட்டிற்கு அங்குலத்திற்கு 20 புரிகள், அரை அங்குலத்திற்கு 12, ஓர் அங்குலத்திற்கு 8 என ஒவ்வொரு விட்டத்திற்கும் புரி எண்ணிக்கை வரையறுக்கப்பட்டது. அம்முறைப்படி புரி வெட்டும் டேப், டை ஆகிய கைக்கருவிகளையும் இவரது தொழிற்சாலை விற்றது. தொடருந்து நிறுவனங்கள் முதலில் இதனைப் பின்பற்றின. 1860 வாக்கில் பிரித்தானியா முழுவதும் இது பரவியது.

கிரீமியப் போரின்போது இதன் பயன் வெளிப்பட்டது. பீரங்கிப் படகுகளுக்கு ஏறத்தாழ 90 நீராவி இயந்திரங்கள் உடனடியாகத் தேவைப்பட்டன. ஒப்பந்தம் பெற்ற ஜோன் பென், மாதிரி இயந்திரத்தின் பாகங்களைப் பல ஊர்ப் பட்டறைகளுக்குப் பிரித்தனுப்பிச் செய்வித்தார். வெவ்வேறு இடங்களில் செய்யப்பட்ட பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தியமைக்கு விட்வொர்த்தின் சீர்தரங்கள் காரணமாக இருந்தன.

துப்பாக்கியும் தோல்வியும்

1853 இல் நியூயார்க் கண்காட்சிக்குப் பிரித்தானிய அரசின் சார்பில் சென்ற விட்வொர்த், அமெரிக்கத் தொழிற்சாலைகளையும் பார்வையிட்டார். தனிப்பணி இயந்திரங்களைக் கொண்டு மாற்றிப் பொருத்தத்தக்க பாகங்களை அவர்கள் உருவாக்கியதைத் தமது அறிக்கையில் பாராட்டினார். இதன் பின்னர் என்பீல்டு துப்பாக்கி உற்பத்திக்கான இயந்திரங்களை வடிவமைக்குமாறு அரசு இவரைக் கேட்டது. எந்தக் குழல் சிறந்தது என்று அறியாமல் அதற்கு இயந்திரம் செய்ய இயலாது என்று கூறிய இவர், முதலில் ஆய்வு செய்ய விரும்பினார். தமது வீட்டு வளாகத்தில் 500 கெச நீளமுள்ள சுடுகூடம் ஒன்றை அமைத்தார்.

ஆய்வின் முடிவில் 0.451 அங்குல விட்டமும் அறுகோண உட்துளையும் கொண்ட துப்பாக்கி உருவானது. 1857 ஆம் ஆண்டுச் சோதனைகளில் அது என்பீல்டு துப்பாக்கியைத் துல்லியத்தில் பெரிதும் விஞ்சியது. ஆயினும் படைத்துறை அதனை ஏற்கவில்லை. சிறிய துளையில் வெடிமருந்துக் கசடு விரைவில் படிந்தது. விலையும் பல மடங்கு அதிகமாக இருந்தது. துல்லியம் மட்டுமே தரம் ஆகாது. பயன்படுத்துவோரின் நிலைமையும் செலவும் தரத்தில் அடங்கும் என்பதை இத்தோல்வி காட்டுகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்னகப் படையின் குறிசுடுநர்கள் இத்துப்பாக்கியைப் பயன்படுத்தினர்.

உருக்கின் உட்குறைகள்

பீரங்கிக் குழல்களைச் செய்யும்போது விட்வொர்த் வேறொரு சிக்கலைச் சந்தித்தார். உருகிய உருக்கு உறையும்போது அதனுள் வளிக்குமிழ்கள் தங்கிவிடும். வெளியே எவ்வளவு நேர்த்தியாகக் கடைந்தாலும் உள்ளே இருக்கும் துளை கண்ணுக்குத் தெரியாது. வெடிக்கும் நேரத்திலேயே தெரியவரும். முடிந்த பொருளைச் சோதித்துக் கழிப்பதை விட மூலப்பொருளிலேயே குறையை நீக்குவது மேல் எனக் கருதி, உருகிய நிலையிலேயே உருக்கை நீரழுத்தப் பொறியால் அழுத்தி வார்க்கும் முறையை உருவாக்கினார்.

கொடைகளும் இறுதிக் காலமும்

1857 இல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1869 இல் இவருக்குப் பாரனெட் பட்டம் வழங்கப்பட்டது. 1868 இல், ஆண்டுக்கு 100 பவுண்டு மதிப்புள்ள 30 உதவித்தொகைகளை நிறுவினார். கோட்பாட்டு அறிவுடன் கைவேலைத் திறனையும் கொண்டவர்களை உருவாக்குவது இதன் நோக்கம் ஆகும். இவ்வுதவித்தொகைத் திட்டம் பின்னரும் தொடர்ந்து நடைபெற்று வந்துள்ளது.

முதல் மனைவியின் மறைவிற்குப் பின் 1871 இல் மேரி லூயிசா ஓரெல் என்பவரை மணந்தார். இவருக்குப் பிள்ளைகள் இல்லை. 1887 இல் மான்ட்டி கார்லோவில் காலமானார். உடல் டெர்பிசயரில் உள்ள டார்லி டேல் ஊரில் அடக்கம் செய்யப்பட்டது. இவரது செல்வத்தின் பெரும்பகுதி கல்விக்கும் மருத்துவத்திற்கும் பொதுப்பணிகளுக்கும் சென்றது. மான்செஸ்டரில் உள்ள விட்வொர்த் கலைக்கூடம் இவர் பெயரைத் தாங்கியுள்ளது. இவரது நிறுவனம் 1897 இல் ஆம்ஸ்ட்ராங் நிறுவனத்துடன் இணைந்தது.

மரபு

அமெரிக்கா 60 பாகைப் புரியைப் பின்பற்றியதால், இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் போல்ட்டுகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. 1948 இல் அமெரிக்கா, பிரித்தானியா, கனடா ஆகிய நாடுகள் 60 பாகை கொண்ட பொதுமுறையை ஏற்றன. பின்னர் மெட்ரிக் புரிகள் பரவின. எனினும் நீர்க்குழாய் இணைப்புகளுக்கான பன்னாட்டுச் சீர்தரங்களில் விட்வொர்த்தின் 55 பாகைப் புரியே நிலைத்துள்ளது. இந்தியாவில் வீடுகளில் பொருத்தப்படும் அரை அங்குலக் குழாய்களின் புரியும் அவ்வகையைச் சேர்ந்ததே ஆகும்.