பியேர் வெர்னியர்

நம் நீலகிரியின் தேயிலைத் தொழிற்சாலைகள் பலவற்றில் சி.டி.சி. என்னும் இயந்திரம் உண்டு. பல் வெட்டிய இரண்டு எஃகு உருளைகள் அதில் நேருக்கு நேர் சுழலும். ஒன்று வேகமாக, மற்றொன்று மெதுவாக. வாடிய கொழுந்து அவற்றின் நடுவே புகுந்து, நசுங்கிக் கிழிந்து, சுருண்டு வெளிவரும். உருளைகளின் இடைவெளி சற்று அகன்றால் இலை சரியாக வெட்டுப்படாது. மிகவும் நெருங்கினால் பற்கள் உராய்ந்து தேயும். ஆகவே கனம் தெரிந்த மெல்லிய எஃகுத் தகடுகளை நுழைத்து அந்த இடைவெளியைச் சரிபார்க்கிறார்கள். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அளவைக் கைக்கருவியால் அறிவது எவ்வாறு என்று எண்ணும்போது, நம் பௌதிக ஆய்வுக்கூடத்தில் அடிக்கடி ஒலிக்கும் பெயர் ஒன்று நினைவுக்கு வருகிறது. வெர்னியர் என்பது ஒரு கருவியின் பெயர் மட்டுமே என்று நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். அது ஒரு மனிதரின் பெயர்.

பியேர் வெர்னியர் 1580ஆம் ஆண்டு ஓர்நான் என்னும் சிற்றூரில் பிறந்தார். இன்று பிரான்சு நாட்டிலுள்ள அவ்வூர் அன்று ஸ்பெயின் மன்னரின் ஆட்சியில் இருந்தது. சட்டம் பயின்ற தந்தையார் கிளாடே மகனுக்கு விஞ்ஞானத்தில் முதல் ஆசிரியர். வளர்ந்தபின் வெர்னியர் இராணுவப் பொறியாளரானார். தந்தையும் மகனும் சேர்ந்து தங்கள் மாநிலத்தின் வரைபடம் ஒன்றையும் உருவாக்கினர்.

நில அளவையில் கோணம் சிறிது தவறினாலும் என்ன ஆகும் என்பது மலைவாசிகளாகிய நமக்கு எளிதில் விளங்கும். தொட்டபெட்டா உச்சியிலிருந்து பத்துக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒரு குன்றைக் குறிபார்ப்பதாக வைத்துக்கொள்வோம். அரைப் பாகை தவறினால் ஏறக்குறைய 87 மீட்டர் விலகிப்போவோம். பாகையின் அறுபதில் ஒரு பங்காகிய ஒரு நிமிடம் மட்டும் தவறினால் விலகல் 3 மீட்டர்தான். ஆனால் கையில் பிடிக்கும் சிறு கருவியில் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு கோடு கீறினால், கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கண்ணுக்குப் புலப்படாமல் போய்விடும்.

இதற்கு வழி தேடியவர் அவர் மட்டுமல்லர். போர்ச்சுகல் நாட்டுப் பேத்ரோ நூனெஸ் என்பவர் 1542இல் வெளியிட்ட நூலில், ஒரே கருவியில் 44 வில்களை வரைந்து, ஒவ்வொன்றையும் வெவ்வேறு எண்ணிக்கையாகப் பிரிக்கச் சொன்னார். அத்தனையையும் பிழையின்றிக் கீறுவது யாரால் முடியும்? வானநூலார் டைக்கோ பிராகே அம்முறையை முயன்றுபார்த்துக் கைவிட்டார். 1582இல் நம் நாட்காட்டியைத் திருத்தும் பணியில் பங்குகொண்ட இயேசு சபைக் குரு கிளேவியஸ் அடிகளார் விடைக்கு மிக அருகில் வந்தார். ஆனால் அவர் தம் பிரிவுகளைக் கருவியோடு நகரும்படி பொருத்தவில்லை.

வெர்னியர் பொருத்தினார். அரைப் பாகைகளாகப் பிரிந்த பெரிய வில்லின்மேல் நகரும் சிறிய வில் ஒன்றை வைத்தார். பெரியதில் 31 பிரிவுகள் உள்ள நீளத்தைச் சிறியதில் 30 சம பங்காக்கினார். இரண்டிலும் எந்தக் கோடுகள் நேர்கோட்டில் சேர்கின்றன என்று பார்த்தாலே நிமிடக் கணக்கு கிடைத்துவிடும். தோழியரே, அவர் கோடுகளை மேலும் நெருக்கமாகக் கீறவே இல்லை! இரண்டு கோடுகள் சேர்கின்றனவா, விலகுகின்றனவா என்பதை நம் கண் வியக்கத்தக்க நுட்பத்துடன் காணும். அந்தத் திறமையைத்தான் அவர் பயன்படுத்திக்கொண்டார்.

நம் ஆய்வுக்கூடக் கருவியில் 9 மில்லிமீட்டர் 10 பங்காகியிருக்கிறது. ஆகவே ஒவ்வொரு பங்கும் 0.9 மில்லிமீட்டர், மீச்சிற்றளவு 0.1 மில்லிமீட்டர். கீழ்த்தாடைகள் குண்டின் விட்டத்தையும், மேல்தாடைகள் துளை, இடைவெளி ஆகியவற்றின் உள்ளகலத்தையும் காட்டும். முதன்முறை நான் பொருந்தும் கோட்டைத் தேடாமல் குத்துமதிப்பாக ஓர் எண்ணை எழுதிவிட்டேன். தாடைகள் மூடியிருக்கும்போதே சுழிகள் பொருந்தாமல் இருந்ததையும் கவனிக்கவில்லை. ஆக, ஒரே அளவில் இரண்டு பிழைகள்!

1631இல் தம் கருவியை விளக்கும் நூலை வெர்னியர் பிரசல்ஸ் நகரில் வெளியிட்டார். அங்கு ஆளுநராக இருந்தவர் இளவரசி இசபெல்லா அம்மையார். கணவரை இழந்தபின் பிரான்சிஸ்கன் துறவற உடை தரித்து வாழ்ந்தவர். அவருடைய ஆதரவு கிடைத்தும் புகழ் வரவில்லை. தாம் பிறந்த ஓர்நானிலேயே வெர்னியர் கண்மூடினார். அதன்பின் நெடுங்காலம் அவருடைய அளவுகோலை அறிஞர்கள் நூனெஸின் பெயரால் நோனியஸ் என்றே அழைத்தனர். இது எனக்கு அநியாயமாகவே படுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு வானநூலார் லலாந்து, அக்கருவி வெர்னியருடையதே என்று எடுத்துக்காட்டிய பின்னரே பெயர் மாறத் தொடங்கியது.

1851இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் ஜோசப் பிரவுன் என்பவர், சாதாரணத் தொழிலாளியும் வாங்கக்கூடிய விலையில் வெர்னியர் காலிப்பரைச் செய்து விற்றார். இப்போது எண்களைத் தானே திரையில் காட்டும் காலிப்பர்கள் வந்துவிட்டன. அவற்றில் அந்த நகரும் கோடுகள் இல்லை. ஆயினும் நம் பட்டறைகளில் அதையும் வெர்னியர் என்றே சொல்கிறார்கள்.