தோல்வி காணாத் தோள்கள்

வெற்றி பெறுவோர் பலர். பெற்ற வெற்றியைக் காப்போர் சிலர். காத்த வெற்றியோடு உரிய வேளையில் களம் விட்டு நீங்குவோரோ மிகமிகச் சிலரே. குத்துச்சண்டை உலகின் வரலாறு இவ்வுண்மையை நமக்குத் தெளிவாக உணர்த்துகின்றது. மிகு எடைப் பிரிவின் உலக வாகையரான ஜேம்ஸ் ஜெஃப்ரிஸ் 1905இல் தோல்வியறியாதவராகவே ஓய்வு பெற்றார். பிறர் தூண்டுதலால் 1910இல் மீண்டும் களமிறங்கி ஜாக் ஜான்சனிடம் வீழ்ந்தார். 1949இல் பட்டத்தோடு விலகிய ஜோ லூயிஸ், மறு ஆண்டே திரும்பி வந்து எசார்ட் சார்லஸிடம் தோற்றார். இவர்களுக்குப் பின் வந்து, விலகியபின் விலகியவராகவே நின்று, ஒரு தோல்வியும் காணாமல் வாழ்வை முடித்தவர் ராக்கி மார்சியானோ ஆவார்.

இவர் 1923 செப்டம்பர் 1ஆம் நாள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த பிராக்டன் நகரில் பிறந்தார். பெற்றோர் இத்தாலியிலிருந்து குடியேறியவர்கள். காலணித் தொழிலுக்குப் பெயர்பெற்ற அந்நகரின் தொழிற்சாலை ஒன்றில் தந்தையார் உழைத்தார். முதல் உலகப் போரில் பங்கேற்று உடல்நலம் குன்றியிருந்த அவரது ஊதியம் பெருங்குடும்பத்திற்குப் போதவில்லை. குழந்தைப் பருவத்தில் நிமோனியாக் காய்ச்சலால் இறப்பின் விளிம்பு வரை சென்று மீண்டவர் ராக்கி. பள்ளிக் கல்வியைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பள்ளம் தோண்டுவது உள்ளிட்ட பல கூலி வேலைகளைச் செய்தார்.

1943இல் இராணுவத்தில் சேர்க்கப்பட்டார். குத்துச்சண்டையில் அவர் முறையாக ஈடுபடத் தொடங்கியது அங்கேதான். ஆயினும் அவருடைய உள்ளம் பேஸ்பால் விளையாட்டையே நாடியது. 1947இல் அதற்கான தேர்வுக்குச் சென்றார். பந்தை வலுவாக எறிய இயலவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார். அன்று மூடிய அக்கதவே அவரை வேறொரு வாயிலுக்கு அழைத்துச் சென்றது எனலாம்.

குத்துச்சண்டைக்கும் அவர் பொருத்தமானவராகத் தோன்றவில்லை. உயரம் 5 அடி 10 அங்குலம். எடை ஏறத்தாழ 84 கிலோ. கைகளின் வீச்சோ எதிரிகளின் வீச்சினும் மிகக் குறைவு. மிகு எடைப் பிரிவுக்கு இவை போதாதவை. வயதும் இருபத்து நான்கைக் கடந்திருந்தது. முதிய பயிற்றுநரான சார்லி கோல்ட்மன் இக்குறைகளை மறைக்க முயலவில்லை, அவற்றையே படைக்கலமாக்கினார். குட்டையானவரை மேலும் குனிந்து நிற்கச் செய்து, எதிரியின் அடி தலைக்கு மேலே செல்லுமாறும், தாம் நெருங்கிச் சென்று தாக்குமாறும் பழக்கினார். எஞ்சியதை ராக்கியின் உழைப்பு செய்தது. நாள்தோறும் பல கல் தொலைவு ஓடினார். போட்டிக்குப் பல வாரங்கள் முன்பே குடும்பத்தைப் பிரிந்து பயிற்சி முகாமில் தங்கினார்.

அவ்வழி மலர்ப்பாதையாக அமையவில்லை. 1949 டிசம்பரில் இவரிடம் அடிபட்ட கார்மைன் விங்கோ என்னும் இளைஞர் உயிருக்குப் போராடினார். கலங்கிப்போன ராக்கி, அவருடைய மருத்துவச் செலவுக்கு உதவினார். 1950இல் ரோலண்ட் லாஸ்டார்சாவுடன் நடந்த போட்டியில் நடுவர்களின் தீர்ப்புப் பிளவுபட, நூலிழையில் வெற்றி பெற்றார். 1951 அக்டோபர் 26இல் ஜோ லூயிஸை எதிர்கொண்டார். இளமை முதல் தாம் போற்றிய அவ்வீரரை எட்டாம் சுற்றில் வீழ்த்திய ராக்கி, பின்னர் அவருடைய அறைக்குச் சென்று கண்ணீர் வடித்தார். காலம் தாழ்ந்து களத்தில் நிற்பவனுக்கு நேர்வது யாது என்பதை அன்று அவர் தம் கண்ணாலேயே கண்டார்.

1952 செப்டம்பர் 23இல் பிலடெல்பியாவில் ஜெர்சி ஜோ வால்காட்டுடன் உலகப் பட்டத்துக்கான போட்டி நிகழ்ந்தது. முதல் சுற்றிலேயே ராக்கி தரையில் விழுந்தார். தொழில்முறை வாழ்வில் அதுவே அவரது முதல் வீழ்ச்சி. பன்னிரண்டு சுற்றுகள் முடிந்தபோது மூன்று நடுவர்களின் கணக்கிலும் பின்தங்கியிருந்தார். பதின்மூன்றாம் சுற்றில் அவரது வலக்கை விடுத்த ஒரே குத்து வால்காட்டைச் சாய்த்தது. அதன்பின் ஆறு முறை பட்டத்தைக் காத்தார். 1955 செப்டம்பர் 21இல் ஆர்ச்சி மூரிடம் இரண்டாம் சுற்றில் விழுந்தெழுந்து ஒன்பதாம் சுற்றில் வென்றதே அவரது இறுதிப் போட்டி. 49 போட்டிகள், 49 வெற்றிகள், அவற்றுள் 43 எதிரியை ஆட்டமிழக்கச் செய்த வெற்றிகள்.

1956 ஏப்ரல் 27இல், தம் முப்பத்திரண்டாம் வயதில், ஓய்வை அறிவித்தார். முதுகு நோயும் குடும்பத்தைப் பிரிந்திருக்கும் துயரும் அதற்குக் காரணங்களாயின. 1959இல் மீண்டும் களமிறங்கும் ஆசை எழுந்து, சில வாரங்கள் பயிற்சியும் செய்தார்; பின்னர் உண்மையை உணர்ந்து கைவிட்டார். நாற்பத்தொன்பது வெற்றிகளினும் இதனையே பெரிய வெற்றியாகக் கருத வேண்டும். ஏனெனில், இம்முறை எதிர்நின்றது அவருடைய ஆசையே.

குறைகளும் அவரிடம் இருந்தன. வங்கிகளை நம்பாமல் பணத்தை ஆங்காங்கே மறைத்து வைத்தார். அதில் பெரும்பகுதி அவர் குடும்பத்தாருக்குக் கிட்டவேயில்லை. அவர் வென்ற பெருவீரர்களுள் லூயிஸ் 37 வயதினர், வால்காட் 38 வயதினர் என்று சுட்டிக்காட்டும் திறனாய்வாளரும் உளர். அது மறுக்கத்தக்கதன்று. ஆயினும் தம் காலத்தில் எதிர்நின்றோரை வெல்வதன்றி ஒரு வீரனால் வேறு யாது செய்ய இயலும்?

1969இல், படையில் சேர மறுத்ததால் பட்டம் பறிக்கப்பட்டிருந்த முஹம்மது அலியும் ராக்கியும் திரைப்படமொன்றுக்காக மோதினர். இருவரும் தோல்வி காணாதவர்கள். முடிவைக் கணிப்பொறி தீர்மானிக்கும் என்பது ஏற்பாடு. இதற்காக ராக்கி தம் உடல் எடையை இருபது கிலோவுக்கு மேல் குறைத்தார். 1970 ஜனவரியில் அப்படம் திரையிடப்பட்டபோது, அமெரிக்க மக்கள் கண்ட முடிவில் வெற்றி ராக்கிக்கே. அதனைக் காண அவர் இல்லை. 1969 ஆகஸ்ட் 31இல் அயோவா மாநிலத்தில் சிறிய விமானமொன்று நொறுங்கியதில் அவர் உயிர் நீத்தார். மறுநாள் அவருக்கு 46ஆம் பிறந்தநாள்.

1985இல் 48 வெற்றிகளோடு இச்சாதனையை நெருங்கிய லாரி ஹோம்ஸ் அடுத்த போட்டியில் தோற்றார். வேறு எடைப் பிரிவினரான ஃபிளாய்ட் மேவெதர் 2017இல் 50ஆம் வெற்றியை எட்டினார்.

மாணவச் செல்வங்கள் ராக்கியின் வாழ்விலிருந்து விழுந்தபின் எழும் உறுதியைக் கற்கலாம். பொறுப்புகளில் அமர்ந்திருக்கும் எம்போன்ற மூத்தோர் கற்க வேண்டியது வேறொன்று: கைகளில் வலுவிருக்கும்போதே கையுறைகளைக் கழற்றி வைக்கும் துணிவு.