கப்பல் வாங்கிய வழக்கறிஞர்

டாலிகஞ்சில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் பல, சென்னையில் கப்பலேறி, ஏறத்தாழ மூன்று நாள் கடலிற் கழித்து இத்தீவை அடைந்தவை. உங்கள் தாத்தாவையோ பாட்டியையோ கேட்டால் அப்பயணத்தைப் பற்றிக் கூறுவர். கப்பலில் பயணம் செய்வதற்கே அஞ்சியோர் பலர் இருந்த காலத்தில், கப்பலையே விலைக்கு வாங்கத் துணிந்தார் ஒரு தமிழர். அவரே வ.உ.சிதம்பரனார்.

அவர் 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தையார் உலகநாதர், தாயார் பரமாயி அம்மையார். தந்தையைப் போலவே அவரும் வழக்கறிஞரானார். பின்னர்த் தூத்துக்குடியில் குடியேறித் தொழில் நடத்தினார். வருவாய்க்கும் மதிப்புக்கும் குறைவில்லை. அவ்வாறே வாழ்ந்திருந்தால் அவரை யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள்.

அந்நாளில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நடந்த கப்பற் போக்குவரத்து, பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி என்னும் ஆங்கில நிறுவனத்தின் கையில் இருந்தது. நீராவிக் கப்பலை நடத்துவது வெள்ளையரால் மட்டுமே இயலும் என்று மக்கள் நம்பினர். கொற்கையில் முத்துக் குளித்து, கடல் கடந்து வாணிகம் செய்தவர்களின் வழித்தோன்றல்கள் அவ்வாறு நம்பியது வியப்பே. அடிமைத்தனம் முதலில் மனத்தில்தான் குடியேறுகிறது போலும்!

சிதம்பரனாருக்கும் கப்பல் தொழிலில் முன் அனுபவம் இல்லை. எனினும் அவர் கண்ணை மூடிக்கொண்டு கடலில் குதித்தவர் அல்லர். ஒருவரே சுமந்தால் நசுக்கிவிடும் பாரத்தைப் பலர் தோள்களுக்குப் பகிர்ந்தளிக்க வழி கண்டார். 1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் சுதேசிக் கப்பல் நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. அதன் மூலதனம் 10 லட்சம் ரூபாய். அது 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. நட்டம் வந்தாலும் ஒரு பங்குக்காரர் ஒரு பங்குக்கு இழப்பது 25 ரூபாயே. மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளை வாங்கினார்.

தொடக்கத்தில் கப்பல்களை வாடகைக்கு எடுத்தே ஓட்டினர். ஆங்கில நிறுவனம் நெருக்கடி கொடுக்கவே, வாடகைக்குக் கொடுத்தவர்கள் கப்பல்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். சொந்தக் கப்பல் இல்லாமல் இனிப் பயனில்லை என்று கண்ட சிதம்பரனார் பம்பாய்க்குப் புறப்பட்டார். கப்பலோடு திரும்புவேன், இன்றேல் கடலில் வீழ்ந்து மாய்வேன் என்று அவர் சூளுரைத்ததாகக் கூறுவர். 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. காலியாவில் சாதாரண வகுப்பில் மட்டும் 1,300 பேர் பயணம் செய்யலாம்.

பின்னர் நிகழ்ந்தது கட்டணப் போர். ஆங்கிலேயர் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தனர். சுதேசிக் கப்பல் எட்டணாவுக்கு ஏற்றிச் சென்றது. உடனே ஆங்கில நிறுவனம் இலவசப் பயணமும், அதனோடு ஒரு குடையும் தர முன்வந்தது! இலவசத்தை எதிர்த்து எத்தனை நாள் நிற்க இயலும்? பயணம் செய்வோரின் நாட்டுப்பற்றே சுதேசிக் கப்பலுக்குத் துணையாயிற்று.

கப்பலோடு அவர் நிற்கவில்லை. 1908 பிப்ரவரியில் கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்கு, சுப்பிரமணிய சிவாவுடன் சேர்ந்து துணை நின்றார். மார்ச்சு மாதத்தில் கைதானார். ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அக்காலச் சட்டப்படி அது நாடு கடத்தும் தண்டனை. அத்தகைய கைதிகள் அனுப்பப்பட்ட இடம் நம் அந்தமான். டாலிகஞ்சிலிருந்து சிறிது நேரத்தில் சென்று காணக்கூடிய செல்லுலார் சிறை கட்டி முடிக்கப்பட்டதும், சுதேசிக் கப்பல் நிறுவனம் தோன்றிய அதே 1906ஆம் ஆண்டில்தான். ஆயினும் சிதம்பரனார் இங்குக் கொண்டுவரப்படவில்லை. கோயம்புத்தூரிலும் கண்ணூரிலும் சிறையிருந்தார். கோவைச் சிறையில் மாடு இழுக்க வேண்டிய செக்கை அவரை இழுக்க வைத்தனர். அந்நிலையிலும் ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில அறிஞரின் நூலை, மனம்போல வாழ்வு என்னும் பெயரில் தமிழாக்கினார்.

மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, 1912 டிசம்பரில் விடுதலை பெற்றார். அதற்கு முன்பே 1911இல் நிறுவனம் கலைக்கப்பட்டிருந்தது, கப்பல்களும் விலைபோயிருந்தன. வழக்கறிஞர் உரிமமும் பறிபோயிருந்தது. கடை வைத்துப் பிழைத்தார், வறுமையில் உழன்றார். துணிவுக்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. ஆயினும் திருக்குறளுக்கு மணக்குடவர் எழுதிய உரையையும், தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையையும் பதிப்பிக்க அவருக்கு உள்ளம் இருந்தது. பின்னாளில் வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் உரிமம் மீண்டது. நன்றி மறவாத சிதம்பரனார் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆங்கிலேயரின் ஆட்சியைத்தான் அவர் எதிர்த்தார், ஆங்கிலேயரை அன்று.

1936ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள், தூத்துக்குடியில் அவர் உயிர் பிரிந்தது. காலியா வந்து நின்ற அவ்வூரின் துறைமுகம் 2011 முதல் வ.உ.சிதம்பரனார் துறைமுகம் என்று வழங்குகிறது.