தற்காலிகமா செஞ்ச வண்டி, 68 வருஷம் தயாரிப்பில்: லேண்ட் ரோவரை உருவாக்கிய மாரிஸ் வில்க்ஸ் யார்?

ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 2024 செப்டம்பர் 28 அன்று டாடா மோட்டார்ஸ் ஒரு கார் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டியது. அறிவிக்கப்பட்ட முதலீடு 9,000 கோடி ரூபாய். அங்கே தயாராகப் போகும் வண்டிகளில் ஜாகுவார் லேண்ட் ரோவர் கார்களும் அடக்கம் என்றதும் பலருக்கு ஆச்சரியம். லேண்ட் ரோவர் என்றாலே நமக்கு நினைவுக்கு வருவது சினிமா நடிகர்களும் தொழிலதிபர்களும் இறங்கி வரும் கார்தானே!

ஆனா இந்தப் பெயர் பிறந்த இடம் ஆடம்பரம் இல்லை, பற்றாக்குறை. ஸ்டீல் கிடைக்காத ஒரு நாட்டில், ஆர்டர் இல்லாத ஒரு தொழிற்சாலையில், ஒரு பழைய ராணுவ ஜீப்பின் சேஸியையும் ஆக்ஸில்களையும் எடுத்து, அதன்மேல் சொந்த இன்ஜினை ஏற்றி உருவாக்கிய வண்டி அது. இன்றைக்கு நம்மூரில் பழைய ஜீப்பை வாங்கி, கேரேஜில் விட்டு மாடிஃபை பண்ணுபவர்கள் செய்வதும் கிட்டத்தட்ட இதேதான். அந்த வேலையை 1947இல் தொடங்கியவர் மாரிஸ் வில்க்ஸ்.

யார் இந்த வில்க்ஸ்?

மாரிஸ் வில்க்ஸ் 1904 ஆகஸ்ட் 19 அன்று இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள ஹெய்லிங் தீவில் பிறந்தார். 1922இல் ஹில்மன் கார் நிறுவனத்தில் சேர்ந்தார். 1926இல் அமெரிக்கா போய் ஜெனரல் மோட்டார்ஸில் 2 ஆண்டுகள் வேலை பார்த்தார். பெரிய அளவில் கார் தயாரிப்பது எப்படி என்பதை நேரில் பார்த்துத் தெரிந்துகொண்ட காலம் அது. திரும்பி வந்து மறுபடியும் ஹில்மனில் சேர்ந்தார்.

அவருடைய அண்ணன் ஸ்பென்சர் வில்க்ஸ், 13 வயது மூத்தவர், நிர்வாகத்தில் கெட்டிக்காரர். 1929இல் அவர் ரோவர் நிறுவனத்துக்குப் போனார். ரோவர் அப்போது பணச் சிக்கலில் இருந்தது. அடுத்த ஆண்டே தம்பியும் தலைமைப் பொறியாளராக அங்கே வந்து சேர்ந்தார். கணக்கு அண்ணனுக்கு, இயந்திரம் தம்பிக்கு. எண்ணிக்கையில் குறைவாக, தரத்தில் உயர்ந்த கார்களைச் செய்வது என்று முடிவெடுத்து, டாக்டர்களும் வக்கீல்களும் விரும்பி வாங்கும் பெயராக ரோவரை மாற்றினார்கள்.

போர் எல்லாவற்றையும் கலைத்தது

இரண்டாம் உலகப் போர் வந்ததும் கார் தயாரிப்பு நின்றது. 1940இல் ஜெர்மானிய விமானங்களின் குண்டுவீச்சில் கோவன்ட்ரியில் இருந்த ரோவர் ஆலை கடும் சேதமடைந்தது. விமான இன்ஜின் வேலைக்காக அரசுப் பணத்தில் கட்டப்பட்ட சோலிஹல் ஆலையைப் போர்க்காலத்தில் ரோவர்தான் நடத்திவந்தது.

அந்த நாட்களில் மாரிஸ் கையில் இருந்த வேலை ரொம்பப் பெரியது. ஃபிராங்க் விட்டில் கண்டுபிடித்த ஜெட் இன்ஜினைத் தயாரிக்கும் பொறுப்பு ரோவருக்கு வந்திருந்தது. ஆனா கண்டுபிடித்தவருக்கும் தயாரிப்பவருக்கும் ஒத்துப்போகவில்லை. விட்டிலின் வடிவமைப்பைத் தயாரிப்புக்கு ஏற்ப மாற்றணும் என்பது மாரிஸின் நிலை. தன் வடிவமைப்பில் கை வைக்கக் கூடாது என்பது விட்டிலின் நிலை. மாரிஸின் குழு தனியாக ஒரு மாற்று வடிவத்தை விட்டிலுக்குத் தெரியாமல் உருவாக்கவும் செய்தது. உறவு முறிந்தது. 1943இல் ஜெட் இன்ஜின் வேலை ரோல்ஸ் ராய்ஸுக்குப் போனது. பதிலுக்கு ரோவருக்குக் கிடைத்தது பீரங்கி வண்டிக்கான மீட்டியர் இன்ஜின் வேலை.

1945இல் போர் முடிந்தபோது ரோவரிடம் இருந்தது பெரிய ஆலையும் நிறைய ஊழியர்களும். இல்லாதது ஸ்டீல். நாட்டின் கடனை அடைக்க டாலர் வேண்டியிருந்ததால், ஏற்றுமதி செய்யும் நிறுவனங்களுக்கே அரசு ஸ்டீல் ஒதுக்கியது. உள்ளூர் வசதிக்காரர்களுக்குக் கார் விற்ற ரோவருக்கு வெளிநாட்டில் பெரிய சந்தை கிடையாது. எம்1 என்ற சின்ன அலுமினியக் காரைச் சோதித்துப் பார்த்துக் கைவிட்டார்கள். ஆலையை எதை வைத்து ஓட்டுவது? அண்ணன், தம்பி இருவரையும் தூங்கவிடாத கேள்வி அதுதான்.

தோட்டத்து ஜீப் கொடுத்த யோசனை

வேல்ஸின் வடமேற்கில் உள்ள ஆங்கிள்சி தீவில் மாரிஸுக்கு நிலம் இருந்தது. அங்கே உழவுக்கும் சுமைக்கும் அவர் வைத்திருந்தது, போருக்குப் பின் ராணுவம் கழித்துவிட்ட வில்லிஸ் ஜீப் ஒன்று. சேறு, மணல், கட்டை குட்டை எதுவானாலும் போகும். ஆனா ஓடித் தேய்ந்த வண்டி. உதிரி பாகம் கிடைப்பது பெரும்பாடு. இது உழைத்து ஓய்ந்தால் அடுத்து எந்த வண்டி வாங்குவது என்று யோசித்தால், பிரிட்டனில் அப்படி ஒரு வண்டியே தயாரிப்பில் இல்லை.

அவர் தேடிய ஏற்றுமதிப் பொருள் அவர் தோட்டத்திலேயே நின்றுகொண்டிருந்தது. விவசாயிக்கு டிராக்டர் வேலையும் செய்யணும், சந்தைக்கும் போகணும். இப்படி ஒரு வண்டிக்கு உலகம் முழுக்க ஆள் இருக்கும். ஆங்கிள்சியின் கடற்கரை மணலில் அண்ணனுக்கு அந்த வண்டியை வரைந்து காட்டினார் என்பது லேண்ட் ரோவர் நிறுவனம் இன்றும் சொல்லும் கதை.

முதல் வண்டி: ஜீப் பாதி, ரோவர் பாதி

1947 கோடையில் சோலிஹல்லில் முதல் மாதிரி தயாரானது. சேஸி, ஆக்ஸில் இரண்டும் ஜீப்புடையவை. இன்ஜினும் கியர்பாக்ஸும் ரோவர் காருடையவை. எல்லாவற்றையும் புதிதாக வரைய நேரமில்லை. ஓடும் என்று தெரிந்த பாகங்களை முதலில் எடுத்துக்கொண்டு, பிறகு ஒவ்வொன்றாகச் சொந்தப் பாகத்தை மாற்றுவதே அவர் வழி.

அந்த மாதிரியில் எல்லாரும் இன்றும் பேசும் விஷயம் ஸ்டீயரிங். இடமும் இல்லை, வலமும் இல்லை, டிராக்டர் மாதிரி நட்ட நடுவில். காரணம் ஏற்றுமதி. சில நாடுகளில் வலப்பக்கம், சில நாடுகளில் இடப்பக்கம் ஸ்டீயரிங் வேண்டும். நடுவில் வைத்துவிட்டால் ஒரே வண்டியை எங்கும் விற்கலாம். பேப்பரில் அருமையான யோசனை. ஆனா அந்தக் காலத்தில் திரும்பணும்னா கையை வெளியே நீட்டித்தான் காட்டணும். நடுவில் உட்கார்ந்தவர் கை எப்படி எட்டும்? பக்கத்தில் ஆள் உட்காருவதும் சிரமம். மாரிஸ் பிடிவாதம் பிடிக்கவில்லை. தயாரிப்புக்குப் போன வண்டியில், எந்தப் பக்கம் வேண்டுமோ அந்தப் பக்கம் ஸ்டீயரிங்கைப் பொருத்திக்கொள்ளும்படி வடிவத்தை மாற்றினார்கள்.

இல்லாததே வடிவத்தைத் தீர்மானித்தது

அசல் லேண்ட் ரோவரின் அடையாளங்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பற்றாக்குறை இருக்கிறது.

பாடி: ஸ்டீல் தகடு கிடைக்கவில்லை. அதனால் பர்மாபிரைட் என்ற அலுமினியக் கலவை. துருப் பிடிக்காத பாடி என்ற பெயர் பிறகு தானாக வந்தது.

தோற்றம்: தகட்டை வளைத்து அச்சடிக்கும் பெரிய டை செய்யப் பணமும் நேரமும் இல்லை. அதனால் தட்டையான பக்கங்கள், எளிய மடிப்புகள். பெட்டி போன்ற அந்த உருவம் ஸ்டைலுக்காக வந்ததில்லை.

சேஸி: தட்டையான ஸ்டீல் பட்டைகளை வெட்டி, நான்கு பக்கமும் வெல்டிங் செய்து பெட்டிச் சட்டம் ஆக்கினார்கள். இதற்கும் பெரிய பிரஸ் தேவையில்லை.

ஆக்ஸில்: இங்கேதான் உண்மையான பொறியியல் சிக்கல். பின்சக்கரம் மட்டும் இழுக்கும் காரில், முன் ஆக்ஸிலுக்கு வண்டியைத் தாங்குவதும் திருப்புவதும்தான் வேலை. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில், திரும்பி நிற்கும் முன்சக்கரத்துக்கும் இன்ஜின் விசை போய்ச் சேரணும். அதற்காக ஆக்ஸிலின் இரு முனையிலும், மடங்கிய நிலையிலும் சுழலும் மூட்டு தேவை. தொடக்க கால லேண்ட் ரோவரில் டிராக்டா வகை மூட்டுகள் இருந்தன. மூட்டு எவ்வளவு மடங்குமோ அவ்வளவுதான் சக்கரம் திரும்பும். அதனால்தான் இவ்வகை வண்டிகளுக்கு யூ டர்ன் அடிக்க நிறைய இடம் வேண்டியிருக்கும்.

1947 செப்டம்பரில் ரோவர் இயக்குநர் குழு ஒப்புதல் கொடுத்தது. முன்னோட்டமாக 48 வண்டிகள் கட்டப்பட்டன. 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் லேண்ட் ரோவர் அறிமுகமானது. ஒப்புதலுக்கும் அறிமுகத்துக்கும் இடையில் 8 மாதம்கூட இல்லை. 1.6 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், சுமார் 50 குதிரைத்திறன், முன்பின் சக்கரங்களுக்கு இடையே 80 அங்குலம். அது ஜீப்பின் அதே அளவு. விலை 450 பவுண்ட். கதவு வேண்டுமென்றால் தனிக் காசு!

ரோவரின் கணக்கில் இது ஓரிரு வருஷத்துக்கான ஏற்பாடு. ஸ்டீல் தாராளமாகக் கிடைத்ததும் மறுபடி கார் வேலைக்குத் திரும்பிவிடலாம் என்று நினைத்தார்கள். நடந்தது வேறு. கொஞ்ச காலத்திலேயே ரோவர் கார்களைவிட லேண்ட் ரோவர் அதிகம் விற்றது. 1949 முதல் பிரிட்டிஷ் ராணுவமும் வாங்கியது. 1959இல் 2,50,000ஆவது வண்டி வெளியே வந்தது.

அவர் ஆசைப்பட்டது வேறு

மாரிஸின் மனசு எதிர்காலத்து இன்ஜின்களில் இருந்தது. ஜெட் இன்ஜின் அனுபவத்தை வைத்து, 1950இல் அவருடைய நிறுவனம் ஜெட்1 என்ற காரை ஓட்டிக் காட்டியது. கேஸ் டர்பைனில் ஓடிய உலகின் முதல் கார் அது. 1952இல் மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியது. ஆனா எரிபொருளைக் குடித்துத் தள்ளியது. கடைக்கு வரவேயில்லை. இன்று லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

ஆண்டுக்கணக்கில் ஆசையாக உழைத்த டர்பைன் கார் அருங்காட்சியகத்துக்குப் போனது. அவசரத்துக்குச் செய்த பெட்டி வண்டி நிறுவனத்தைக் காப்பாற்றியது. அவர் வாழ்க்கையைப் படிக்கும்போது திரும்பத் திரும்ப உறைப்பது இந்த முரண்தான்.

மாரிஸ் 1960இல் நிர்வாக இயக்குநரானார், 1962இல் அண்ணனுக்குப் பின் தலைவரானார். அடுத்த ஆண்டு, 1963 செப்டம்பர் 8 அன்று, ஆங்கிள்சி வீட்டில் காலமானார். வயது 59. ரோவரின் அடுத்த பெரிய கார் பி6, அவர் இறந்த அடுத்த மாதம் வெளிவந்தது. 1970இல் வந்த ரேஞ்ச் ரோவரை வடிவமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அவருடைய உறவினர், வில்க்ஸ் சகோதரர்களின் மருமகன் ஸ்பென் கிங்.

ஜீப் மாடிஃபை பண்றவங்களுக்கு இதில் என்ன இருக்கு?

மாரிஸின் வண்டியும் குறையில்லாதது இல்லை. அந்தக் கால லேண்ட் ரோவர்களில் பின் ஆக்ஸிலுக்குள் இருக்கும் ஹாஃப் ஷாஃப்ட் பளு தாங்காமல் உடைவது ஓட்டுநர்களுக்கு நன்றாகத் தெரிந்த தொல்லை. நீளமான மாடல்களுக்கு சாலிஸ்பரி என்ற வலுவான பின் ஆக்ஸிலை நிறுவனமே பின்னாளில் பொருத்தியது.

காரணம் எளிது. பாறையில் மெதுவாக ஏற லோ கியர் போட்டால், இன்ஜின் விசை பல மடங்காகி ஷாஃப்டுக்கு வருகிறது. பெரிய டயர் மாட்டினால் அந்தச் சக்கரத்தைச் சுழற்ற இன்னும் அதிக முறுக்கு விசை தேவை. ஷாஃப்டின் தடிமன் மட்டும் அப்படியே இருக்கிறது. ஆக்ஸிலை மாற்றினால், அடுத்து பளு விழுவது ஸ்டீயரிங் பாக்ஸிலும் அதோடு சேர்ந்த ராடுகளிலும். ஒன்றை வலுப்படுத்தினால் பலவீனம் அடுத்த பாகத்துக்கு நகரும். அதனால் ஆக்ஸில், ஸ்டீயரிங், பிரேக் மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போடாமல் டயரை மட்டும் பெரிசாக்குவது ஆபத்து.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி, ஆர்.சி.யில் பதிவான தயாரிப்பாளரின் விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. மாரிஸ் தன் கலப்பு ஜீப்பைச் சோதனை மாதிரியாகத்தான் வைத்திருந்தார். விற்பனைக்குப் போனது முழுதாகத் திரும்ப வடிவமைத்த வண்டி.

2016 ஜனவரி 29 அன்று சோலிஹல் ஆலையிலிருந்து அந்தப் பழைய பரம்பரையின் கடைசி வண்டி, டிஃபெண்டர் என்ற பெயரில் வெளியே வந்தது. அதற்குள் 20 லட்சத்துக்கும் மேல் தயாராகியிருந்தன. நிறுவனம் பல கை மாறி, 2008இல் ஃபோர்டிடமிருந்து ஜாகுவாரோடு சேர்த்து 230 கோடி டாலருக்கு டாடா மோட்டார்ஸிடம் வந்து சேர்ந்தது. 2011இல் புனேயில் லேண்ட் ரோவர் அசெம்பிளி தொடங்கியது. பனப்பாக்கம் அந்தப் பாதையில் இன்னொரு நிறுத்தம். ஓரிரு வருஷத்துக்குப் போதும் என்று தொடங்கிய வேலை, 75 வருஷம் தாண்டியும் ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்கிறது.