பொம்மை செய்து பேர் பெற்ற எஞ்சினீயர்

ஜப்பான் நாட்டில் கியோட்டோ என்பது கோயில்கள் நிறைந்த பழம்பெரும் நகரம். அங்கே 1889-ஆம் ஆண்டு முதல் சீட்டுக்கட்டுத் தயாரித்து வந்த கம்பெனி ஒன்று உண்டு. மாதத்துக்கு ஒரு மலர் என்று பன்னிரண்டு மாத மலர்களையும் வரைந்த சீட்டுக்கள் அவை. ‘ஹனஃபுடா’ என்று பெயர். கம்பெனியின் பெயர் நிண்டெண்டோ.

1965-இல் அந்தக் கம்பெனியில் ஓர் இளம் பட்டதாரி உத்தியோகத்தில் சேர்ந்தார். பெயர் குன்பெய் யோக்கோய். உள்ளூர்க்காரர்தான், 1941 செப்டம்பர் 10-ந் தேதி கியோட்டோவில் பிறந்தவர். தோஷிஷா சர்வகலாசாலையில் மின்சார எஞ்சினீயரிங் படித்தார். படிப்பில் சூரர் என்று சொல்ல முடியாது. சங்கீதம், நடனம், பொம்மை ரயில் என்று பொழுதுபோக்குகளில்தான் மனம் சென்றது. பெரிய எலெக்ட்ரிக் கம்பெனிகள் அவரை எடுத்துக்கொள்ளவில்லை. சீட்டுக் கம்பெனி எடுத்துக்கொண்டது.

என்ன வேலை? சீட்டுத் தயாரிக்கும் யந்திரங்கள் சரியாக ஓடுகின்றனவா என்று பார்த்துக்கொள்ளும் வேலை. யந்திரங்களோ சமர்த்தாக ஓடின. எஞ்சினீயருக்குப் பொழுது போகவில்லை. தொழிற்சாலையில் கிடந்த கருவிகளைக் கொண்டு தனக்கென்று ஒரு விளையாட்டுச் சாமான் செய்தார். கடைகளுக்கு இழுத்து மூடும் இரும்புக் கம்பிக் கதவு இருக்கிறதல்லவா? குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, இழுத்தால் நீண்டு தள்ளினால் சுருங்கும். அதே மாதிரி அமைப்பு. கைப்பிடியை நெருக்கினால் நீளக் கை ஒன்று பாய்ந்து சென்று, எட்டாத பொருளைப் பிடித்துக்கொள்ளும்.

1966-இல் ஒரு நாள் முதலாளி தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வந்தார். ஹிரோஷி யமாவுச்சி என்ற அந்த முதலாளி கண்டிப்புக்குப் பேர் போனவர். வேலை நேரத்தில் விளையாடிக்கொண்டிருந்த எஞ்சினீயர் அவர் கண்ணில் பட்டுவிட்டார். சற்று நேரத்தில், அறைக்கு வரும்படி அழைப்பும் வந்தது. சீட்டுக் கம்பெனியில் சீட்டுக் கிழிந்தது என்றுதான் எவரும் நினைப்பார்கள். நடந்தது வேறு. அந்தச் சாமானையே கடையில் விற்கும்படி செய்துகொடு என்று உத்தரவானது!

‘அல்ட்ரா ஹாண்ட்’ என்ற பெயரில் வெளிவந்த அந்தப் பொம்மை 12 லட்சத்துக்கு மேல் விற்றது. யந்திரம் துடைக்க வந்தவர் பொம்மை நிர்மாணிப்பவர் ஆனார்.

கைப்பற்றச் சாக்கு

அடுத்த சில வருஷங்களில் யோக்கோயின் மூளையிலிருந்து பொம்மைகள் வரிசையாக வந்தன. வீட்டுக்குள்ளேயே பந்து எறியும் யந்திரம் ஒன்று. 1969-இல் ‘லவ் டெஸ்டர்’. ஆணும் பெண்ணும் கைகோத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு குமிழைப் பிடிக்க வேண்டும். இருவர் உடல் வழியாகவும் ஓடும் சிறு மின்சாரத்தை அளந்து, காதல் இவ்வளவு என்று ஊசி காட்டும். விஞ்ஞானம் பூஜ்யம்தான். ஆனால் கூச்சப்படும் இளைஞனுக்கு ஒரு பெண்ணின் கையைப் பிடிக்க இதைவிடக் கௌரவமான சாக்கு ஏது?

1970-இல் ஒளித் துப்பாக்கி வந்தது. துப்பாக்கியிலிருந்து வெளிச்சம் பாயும். குறிப் பலகையில் உள்ள சூரிய மின்கலம் அதை உணர்ந்து, குறி தப்பவில்லை என்று காட்டும். இதையே பெரிதாக்கி, ஆள் வராமல் காற்றாடிய பந்துருட்டுக் கூடங்களை 1973-இல் சுடும் கூடங்களாக மாற்றினார்கள். அந்த ஆண்டே எண்ணெய் நெருக்கடி வந்தது. வந்த ஆர்டர்கள் ரத்தாயின. கம்பெனி கடனில் மூழ்கியது. விலை உயர்ந்த சாமானில் பணத்தைப் போட்டால் என்ன ஆகும் என்பதை யோக்கோய் அப்போது கண்ணால் கண்டார்.

அவருக்கென்று ஒரு கொள்கை இருந்தது. புதிதாகக் கண்டுபிடித்த, விலை கூடிய நுட்பத்தின் பின்னால் ஓடக்கூடாது. பலரும் கையாண்டு, பழகி, விலை வீழ்ந்து, இனி இதில் புதுமை இல்லை என்று விட்டுவிட்ட நுட்பத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். எவரும் நினையாத இடத்தில் அதைப் பொருத்த வேண்டும். ஜப்பானிய மொழியில் அத்தகைய நுட்பத்தை வாடியது, உலர்ந்தது என்று பொருள்படும் சொல்லால் குறித்தார். நம் வீடுகளில் பழைய சோற்றை வடகமாக்கும் பாட்டிமார்களுக்கு இந்தத் தத்துவம் விளங்க அதிக நேரம் ஆகாது.

ரயிலில் ஒரு பிரயாணி

அதிவேக ரயிலில் ஒரு முறை யோக்கோய் போய்க்கொண்டிருந்தார். உத்தியோகஸ்தர் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டரின் பொத்தான்களை அமுக்கி விளையாடிக்கொண்டிருப்பதைக் கண்டார். பெரியவர்களுக்கும் விளையாட ஆசை உண்டு. நாலு பேர் பார்க்க விளையாடத்தான் வெட்கம். உள்ளங்கைக்குள் அடங்குகிற விளையாட்டு ஒன்று இருந்தால்?

அந்த யோசனை முதலாளியின் காதுக்குச் சென்ற விதம் வேடிக்கையானது. ஒரு நாள் யமாவுச்சியின் கார் டிரைவர் உடம்புக்கு முடியாமல் படுத்துவிட்டார். காரோ இடப் பக்கம் ஓட்டும் அயல்நாட்டுக் கார். அதை ஓட்டத் தெரிந்தவர் என்று யோக்கோயை அனுப்பினார்கள். எஞ்சினீயரை டிரைவராக்கிவிட்டார்களே என்று அவருக்கு உள்ளூரக் கசப்பு. சும்மா ஓட்டுவானேன் என்று, வழியில் தம் யோசனையைச் சொல்லி வைத்தார். முதலாளி அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனால் அன்றையக் கூட்டத்தில் முதலாளிக்கு அடுத்த நாற்காலியில் அமர்ந்திருந்தவர், கால்குலேட்டர் செய்யும் ஷார்ப் கம்பெனியின் தலைவர். கால்குலேட்டர் கம்பெனிகளின் விலைப் போட்டியில் திரவப் படிகத் திரைகள் மலிந்து கிடந்த காலம். சில நாட்களில் ஷார்ப் கம்பெனியின் பெரிய மனிதர்களே நிண்டெண்டோவைத் தேடி வந்தார்கள்.

1980-இல் ‘கேம் அண்ட் வாட்ச்’ பிறந்தது. ஒரே ஒரு விளையாட்டு, கூடவே ஒரு கடிகாரம். சுமார் 60 வகைகளில் 4 கோடியே 34 லட்சம் விற்றது. இதற்காக 1982-இல் யோக்கோய் செய்த சிறு மாற்றம் ஒன்று உலகம் முழுதும் பரவிவிட்டது. தடிமனான பிடிகோல் இந்தத் தட்டைப் பெட்டிக்கு ஒத்துவரவில்லை. அதற்குப் பதிலாகக் கூட்டல் குறி வடிவில் ஒரு பொத்தான் வைத்தார். இடது கட்டை விரலை அதில் வைத்தால் நான்கு திசையும் பார்க்காமலே தெரியும். மறு ஆண்டு வெளியான டெலிவிஷன் விளையாட்டுப் பெட்டியிலும் அதுவே அமைந்தது. இன்று பெரும்பாலான விளையாட்டுப் பெட்டிகளில் இடது கட்டை விரலுக்கு அது இருக்கிறது.

இடையில், 1981-இல், அமெரிக்காவில் விற்காமல் தேங்கிக் கிடந்த பெரிய விளையாட்டு யந்திரங்களை எப்படியாவது விற்றுத் தீர்க்க வேண்டிய நிலை. தொழில்துறை வடிவமைப்புப் படித்த ஷிகேரு மியாமோட்டோ என்ற இளைஞரிடம் அந்தப் பொறுப்பு வந்தது. மேற்பார்வைக்கு யோக்கோய். பழைய யந்திரங்களுக்குள் புகுத்திய புது விளையாட்டுத்தான் ‘டாங்க்கி காங்’. பின்னாளில் மாரியோ என்று பெயர் பெற்ற மீசைக்காரத் தச்சர் அதில்தான் முதன்முதலில் தாவினார்.

பச்சைத் திரை

1989 ஏப்ரல் 21-ந் தேதி ‘கேம் பாய்’ வெளிவந்தது. விலை 12,500 யென். விளையாட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். திரையில் வர்ணம் கிடையாது. வெளிறிய பச்சையில் நான்கு சாயல் மட்டும். உள்ளே விளக்கும் இல்லை. இருட்டில் ஒன்றும் தெரியாது. திரையைத் தேர்ந்தெடுப்பதிலேயே யோக்கோய் பட்ட பாடு கொஞ்சமல்ல. முதலில் செய்த மலிவுத் திரை சற்றுச் சாய்த்தால் மறைந்துபோயிற்று. யமாவுச்சிக்கு அது பிடிக்கவில்லை. வேறு திரைக்கு மாற்றியபின்தான் காரியம் நடந்தது.

அதே 1989-இல் அட்டாரி கம்பெனி ‘லிங்க்ஸ்’ என்ற வர்ணப் பெட்டியை விட்டது. மறு ஆண்டு சேகா கம்பெனி ‘கேம் கியர்’ விட்டது. பார்க்க அழகு. ஆனால் ஆறு பாட்டரியைச் சில மணி நேரத்தில் விழுங்கிவிடும். கேம் பாய்க்கு நான்கு பாட்டரி. பதினைந்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும். கீழே விழுந்தாலும் எளிதில் உடையாது. பையனுக்குப் பாட்டரி வாங்கிக் கொடுப்பவர் தகப்பனார் என்பதை யோக்கோய் மறக்கவில்லை, மற்றவர்கள் மறந்தார்கள். மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் கண்ட ‘டெட்ரிஸ்’ அமெரிக்காவில் பெட்டியுடனே சேர்ந்து வந்தது. 1993-இல் அலெக்சாண்டர் செரெப்ரோவ் என்ற ரஷ்ய வீரர் ‘மிர்’ விண்வெளி நிலையத்துக்கே ஒரு கேம் பாயைக் கொண்டுபோனார். பின்னால் வந்த வர்ணப் பெட்டியையும் சேர்த்து, விற்ற மொத்தம் 11 கோடியே 86 லட்சம்.

சிவப்பு உலகம்

இத்தனை வெற்றி கண்டவர் கடைசியில் சறுக்கியது எங்கே? அமெரிக்காவின் மாசசூஸெட்ஸில் ஒரு கம்பெனி நூதனமான காட்சிக் கருவி ஒன்றைக் கண்டிருந்தது. ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரே வரிசையில் 224 சிவப்பு விளக்குப் புள்ளிகள். எதிரே ஒரு கண்ணாடி விடாமல் அதிர்ந்துகொண்டிருக்கும். அந்த ஒரு வரிசையே முழுப் படமாகக் கண்ணுக்குத் தெரியும், ஆழமும் தெரியும். சிவப்புப் புள்ளிகள் மலிவு. நீலமோ அன்று எட்டாத விலை. எனவே சிவப்பு மட்டும் போதும் என்று யோக்கோய் முடிவு செய்தார். கொள்கைப்படி பார்த்தால் சரிதான்.

1995 ஜூலை 21-இல் 15,000 யென் விலையில் ‘வர்ச்சுவல் பாய்’ வந்தது. மேஜை மேல் இரண்டு கால் ஊன்றி நிற்கும் சிவப்பும் கறுப்புமான பெட்டி. அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, முதுகை வளைத்து விளையாட வேண்டும். கையில் எடுத்துப் போகவும் முடியாது. டெலிவிஷனில் பார்க்கவும் முடியாது. பக்கத்தில் இருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. தலைவலிக்கிறது, கண் உறுத்துகிறது என்று புகார் கிளம்பியது. சிறு குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று கம்பெனியே எச்சரிக்கை போட்டது. அந்த எச்சரிக்கையைப் படித்த பெற்றோர் எவர் வாங்குவார்? ரயில் பிரயாணியின் வெட்கத்தை ஒரு நொடியில் கண்டுகொண்டவர், முகத்தை மறைத்துக்கொண்டு தனியே குனிந்திருக்க எவருக்குப் பிடிக்கும் என்று யோசிக்காமல் விட்டது விந்தைதான். ஜப்பானில் ஆறு மாதம் கூடத் தாங்கவில்லை. உலகம் முழுதும் விற்றது 7,70,000.

முப்பது வருஷ உழைப்புக்குப் பின் தலைக்குனிவு. ஆனாலும் உடனே கதவைச் சாத்திக்கொண்டு போய்விடவில்லை. கேம் பாயைச் சிறிதாக்கித் திரையைத் தெளிவாக்கிய ‘கேம் பாய் பாக்கெட்’ 1996 ஜூலையில் வெளிவரும் வரை இருந்தார். ஆகஸ்ட் 15-ந் தேதி விலகினார். தோல்விக்காக வெளியேற்றப்பட்டார் என்று ஊர் பேசியது. அது காரணமல்ல என்று அவரே ஒரு பத்திரிகையில் எழுதி மறுத்தார். சொந்தத் தொழில் செய்ய வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு முன்பே இருந்தது உண்மை. ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

கியோட்டோவிலேயே ‘கோட்டோ’ என்ற சிறு கம்பெனியைத் தொடங்கினார். பாண்டாய் என்ற பொம்மைக் கம்பெனிக்காகப் புதிய கைப்பெட்டி ஒன்றின் வேலை ஆரம்பமாயிற்று.

1997 அக்டோபர் 4-ந் தேதி. கூட்டாளி ஒருவருடன் காரில் இஷிகாவா மாகாணத்து நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தார். கார் முன்னால் சென்ற வண்டியில் மோதியது. பெரிய காயம் ஒன்றுமில்லை. என்ன சேதம் என்று பார்க்கக் கீழே இறங்கினார். அந்த நேரத்தில் வந்த வேறொரு கார் அவர் மீது மோதிவிட்டது. அவருக்கு வயது 56.

பாண்டாயின் ‘வொண்டர்ஸ்வான்’ 1999 மார்ச் 4-இல் வந்தது. விலை 4,800 யென். ஒரே ஒரு பாட்டரியில் முப்பது மணி நேரம் ஓடியது. கூடவே வெளிவந்த புதிர் விளையாட்டுக்கு அவர் பெயரையே வைத்து ‘குன்பே’ என்று அழைத்தார்கள்.

இப்போது இந்தப் பழைய பெட்டிகளைத் தேடிச் சேர்ப்போர் உலகெங்கும் இருக்கிறார்கள். விந்தை என்னவென்றால், அன்று சீந்துவாரற்றுக் கிடந்த வர்ச்சுவல் பாய்க்குத்தான் அவர்களிடம் தனி மதிப்பு. அதற்கு வந்த விளையாட்டுக்கள் மொத்தமே 22. கேம் பாய் விளையாட்டுக்கள் அனைத்தையும் சேர்க்க ஓர் ஆயுள் போதாது. இதையோ ஓர் அலமாரித் தட்டில் அடக்கிவிடலாம். ஆனால் அந்த 22-இல்தான் சூட்சுமம். பெட்டி செத்துக்கொண்டிருந்த 1995 டிசம்பரில் ஜப்பானில் மட்டும் சொற்பமாக வந்த ‘வர்ச்சுவல் பௌலிங்’ போன்ற சிலவற்றுக்குப் பெட்டியைப் போலப் பல மடங்கு விலை கேட்கிறார்கள். மற்றவற்றைச் சேர்த்துவிட்டு இந்த மூன்று நான்குக்காக வருஷக்கணக்கில் காத்திருப்போரும் உண்டு.

வாங்கியதோடு தொல்லை தீர்வதில்லை. பெட்டிக்குள்ளே விளக்குப் புள்ளிகளைச் சுற்றோடு இணைக்கும் நாடாவைப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள். வயதாக ஆகப் பசை விட்டுப்போகிறது. படத்தில் கோடுகள் விழுகின்றன. சூடு காட்டி மறுபடி ஒட்டினால் சில காலம் தாங்கும். நாடாவில் நுனியைச் சுரண்டிக் கம்பிகளை ஒவ்வொன்றாக ஈயம் வைத்துப் பற்றவைத்தால்தான் நிரந்தரம். கை நடுங்கினால் பெட்டி போயிற்று. கேம் பாயில் இந்த அளவு தொல்லை இல்லை. திரையில் செங்குத்தாகக் கோடு விழுந்தால் கீழ் விளிம்பில் பற்றுக்கோலை மெதுவாக ஓட்டிச் சரிசெய்துகொள்கிறார்கள். சிலர் பழைய பச்சைத் திரையையே பிடுங்கி எறிந்துவிட்டு, உள்ளே விளக்கு எரியும் பளபளப்பான புதுத் திரையைப் பொருத்துகிறார்கள். சேகரிப்போரில் ஆசாரமானவர்களுக்கு அது பிடிப்பதில்லை. பச்சைத் திரையை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்துத்தான் விளையாடுகிறார்கள்.

வர்ச்சுவல் பாயைப் பற்றி நிண்டெண்டோ நெடுங்காலம் வாய் திறக்கவில்லை. 2025 செப்டம்பரில் அந்த விளையாட்டுக்களைத் தன் புதிய பெட்டியில் மறுபடி வெளியிடப்போவதாக அறிவித்தது. அவற்றைப் பார்ப்பதற்கு மேஜைமேல் கால் ஊன்றி நிற்கும் அதே சிவப்புக் கறுப்புச் சாதனத்தையும் தனியே விற்பனைக்கு அறிவித்தது.