அன்பின் வழி நின்ற சிபில் கார்த்திகேசு

நண்பருக்காக உயிரையும் கொடுக்கத் துணிவதே அன்பின் உச்சம் என்பது கிறிஸ்துவ நெறி. அந்நெறியைத் தம் வாழ்வால் மெய்ப்பித்தவர் சிபில் கார்த்திகேசு. ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் கொடுஞ்சித்திரவதைக்கு ஆளானபோதும், தம்மை நம்பியவர்களைக் காட்டிக்கொடுக்க மறுத்த வீரமங்கை அவர்.

சிபில் 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் சுமத்ராவிலுள்ள மேடான் நகரில் யுரேசியக் குடும்பத்தில் பிறந்தார். கத்தோலிக்க நம்பிக்கையில் வளர்ந்த அவர், தாதியாகவும் மருத்துவிச்சியாகவும் பயிற்சி பெற்றார். 1919ஆம் ஆண்டு, தைப்பிங்கைச் சேர்ந்த தமிழ் மருத்துவர் ஒருவரைக் கோலாலம்பூர் புக்கிட் நானாஸ் தேவாலயத்தில் மணந்தார். மருத்துவர் ஏ.சி. கார்த்திகேசு என்று பின்னாளில் மக்கள் அறிந்தவர் அவரே. இவ்விணையரின் முதல் குழந்தை பிறந்த ஒரு நாளுக்குள்ளேயே இறந்தது. அத்துயரைத் தாங்கிக்கொண்ட இருவரும் வில்லியம் என்னும் ஆண் குழந்தையைத் தத்தெடுத்து வளர்த்தனர். பின்னர் ஓல்கா, டான் என்னும் இரு பெண் மக்களைப் பெற்றனர்.

1926ஆம் ஆண்டு முதல் கணவனும் மனைவியும் ஈப்போ, புரூஸ்டர் சாலையில் மருந்தகம் நடத்தினர். சிபில் கேண்டனிஸ் மொழியைச் சரளமாகப் பேசுவார். அதனால், சீனத் தாய்மார்கள் தங்கள் குறைகளை அவரிடம் தயங்காமல் கூறினர். இனம், சமயம், செல்வம் ஆகியவற்றைப் பாராமல் சிகிச்சை அளித்ததால் மக்கள் அவரைத் தங்களுள் ஒருவராகவே கருதினர்.

1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் தரையிறங்கியது. அதே மாதம் ஈப்போ நகரம் குண்டுவீச்சுக்கு உள்ளானது. எனவே, சிபிலின் குடும்பம் அருகிலுள்ள பாப்பான் என்னும் சிற்றூருக்கு இடம்பெயர்ந்தது. 1942ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில் ஜொகூரையும் இழந்த பிரிட்டிஷ் படை, பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குப் பின்வாங்கியது. மலாயா முழுவதும் ஜப்பானியர் பிடியில் சிக்கியது.

பாப்பானில், முதன்மைச் சாலை 74ஆம் எண் வீட்டில் சிபில் தம் மருத்துவப் பணியைத் தொடர்ந்தார். பகலில் ஊர் மக்கள் வருவர். இரவில், காட்டில் மறைந்திருந்து ஜப்பானியரை எதிர்த்த போராளிகள் பின்வாசல் வழியாக வருவர். காயமுற்றும் நோயுற்றும் வந்த அவர்களுக்குச் சிபில் மருந்திட்டார். உயிர் பிழைக்க வேண்டியவன் எவனாயினும் அவனுக்கு உதவுவதே தம் கடமை என அவர் எண்ணினார். வெளிநாட்டு வானொலிச் செய்திகளைக் கேட்பது அக்காலத்தில் கடுங்குற்றம். ஆயினும், சிபில் ஒரு சிற்றலை வானொலியை வீட்டில் ஒளித்து வைத்திருந்தார். அதற்கு ஜோசஃபின் என்ற பெயரையும் சூட்டினார். அதன்வழி கிடைத்த போர்ச் செய்திகள் நம்பிக்கை இழந்திருந்தோருக்கு ஊக்கமளித்தன.

இந்த இரகசியம் நெடுநாள் நீடிக்கவில்லை. ஆபத்து நெருங்குவதை அறிந்த போராளிகள், காட்டிற்கு வந்துவிடுமாறு அவரை அழைத்தனர். தாம் தப்பினால் குடும்பத்தாரும் ஊராரும் தண்டிக்கப்படுவர் என்பதைச் சிபில் உணர்ந்திருந்தார். ஆகவே, அவர் ஓடி ஒளியவில்லை. 1943ஆம் ஆண்டு அவரும் அவர்தம் கணவரும் மகன் வில்லியமும் கைது செய்யப்பட்டனர்.

கெம்பெத்தாய் எனப்படும் ஜப்பானிய இராணுவக் காவல் துறையினர் கேட்டவை பெயர்கள்தாம். சிகிச்சை பெற்றவர் யார், தூது சொன்னவர் யார், உடன் உதவியவர் யார் என்று மீண்டும் மீண்டும் விசாரித்தனர். ஒரு பெயரைக் கூறினால் ஓர் உயிர் போகும். அவர் வாய் திறக்கவில்லை. அடித்தனர், விரல் நகங்களைப் பிடுங்கினர், காய்ச்சிய இரும்பால் சுட்டனர். அவ்வேளையில் இறைவேண்டலே அவருக்குத் துணையாக இருந்தது.

அடியும் சூடும் பயனளிக்காததால், கொடியவர்கள் அவருடைய தாய்மையைக் குறிவைத்தனர். அப்போது டானுக்கு ஏறத்தாழ ஏழு வயது. அச்சிறுமியைத் தாயின் கண்முன்னே மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே நெருப்பு மூட்டினர். பெயர்களைச் சொன்னால் மகள் பிழைப்பாள். சொல்லாவிட்டால் நெருப்பில் வீழ்வாள். ஒரு தாய்க்கு இதைவிடக் கொடிய சோதனை உண்டோ? தம் மகளைக் காக்க அவர் கொடுக்க வேண்டிய விலை, பிற தாய்மார்களின் பிள்ளைகளுடைய உயிர். அஞ்சி நடுங்க வேண்டிய வயதில், எதையும் சொல்லிவிட வேண்டாமென்று டானே தாயிடம் கூறினாள். சிபிலின் நெஞ்சம் துடித்தது. ஆயினும் அவர் எவரையும் காட்டிக்கொடுக்கவில்லை. நல்வேளையாக, அங்கு வந்த ஜப்பானிய அதிகாரி ஒருவர் அக்கொடுமையை நிறுத்தச் செய்தார். டான் உயிர் பிழைத்தாள்.

சிபிலுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பத்து காஜா சிறையில் அடைபட்டிருந்த அவர், 1945ஆம் ஆண்டு போர் முடிந்த பிறகே விடுதலை பெற்றார். முதுகெலும்பில் பட்ட அடிகளால் அவரால் நடக்க இயலவில்லை. ஆயினும், பத்து காஜா புனித யோசேப்பு தேவாலயத்திற்குச் சென்று, பலிபீடம் வரை தவழ்ந்தே போய் இறைவனுக்கு நன்றி செலுத்தினார்.

பின்னர், சிகிச்சைக்காக அவர் பிரிட்டனுக்கு அழைத்துச் செல்லப்பட்டார். அங்கே தம் அனுபவங்களை எழுதினார். அரசர் ஆறாம் ஜார்ஜ் அவருக்குத் துணிவுக்கான ஜார்ஜ் பதக்கத்தை வழங்கினார். எனினும், சித்திரவதையின்போது தாடையில் ஏற்பட்ட காயம் முற்றிலும் ஆறவில்லை. அதன் விளைவாக 1948ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் ஸ்காட்லாந்தில் அவர் உயிர் நீத்தார். 1949ஆம் ஆண்டு அவரது உடல் ஈப்போவிற்குக் கொண்டு வரப்பட்டு, புனித மைக்கேல் தேவாலயத்தை அடுத்த கல்லறையில் நல்லடக்கம் செய்யப்பட்டது. அவருடைய நூல் 1954ஆம் ஆண்டு வெளிவந்தது. ஈப்போவில் ஒரு சாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சிபில் காத்தவர்களுள் பெரும்பாலோர் அவருடைய இனத்தவரும் அல்லர், சமயத்தவரும் அல்லர். தம் சமயம் கற்பித்த அன்பை அவர் தம் சமயத்தாரோடு நிறுத்திக்கொள்ளவில்லை. இரவில் கதவைத் தட்டிய முகமறியாதவரையும் நண்பராக ஏற்றார்; அந்த நட்பிற்குத் தம் உடலையே விலையாகக் கொடுத்தார். பல இனத்தார் கூடி வாழும் நம் நாட்டில், அவர் வாழ்வு என்றும் நினைவில் நிறுத்தத்தக்கது.